வெளிநாட்டு விஞ்ஞானியை ஒரு வாரம் ஊர் சுற்றிக் காட்டணுமா? சென்னை டு கொடைக்கானல்: ஒரு முழு கைடு!

1929 அக்டோபர். குவாண்டம் இயற்பியலின் இளம் நட்சத்திரமான வெர்னர் ஹைசன்பர்க், மெட்ராஸுக்கு வருகிறார். வயது 27. அவரைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு, மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரிடம் வந்து சேர்கிறது. கல்லூரிக்கு எதிரே இருக்கும் மெரினா கடற்கரைச் சாலையில் காரில் போய்க்கொண்டே, அந்த மாணவர் தன்னுடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி ஹைசன்பர்க்கிடம் பேசுகிறார். அவரோடு பேசிய அந்த ஒரே நாளில் எவ்வளவோ இயற்பியல் கற்றுக்கொண்டதாக அப்பாவுக்குக் கடிதமும் எழுதுகிறார்.

அந்த மாணவர்தான் எஸ்.சந்திரசேகர். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர்.

இன்றைக்கும் இந்த வேலை இளையவர்களிடம்தான் வருகிறது. ஐஐடியிலோ, கணித அறிவியல் நிறுவனத்திலோ, ஒரு தனியார் ஆய்வுக்கூடத்திலோ கருத்தரங்கு முடிந்ததும், "கெஸ்ட் இன்னும் ஒரு வாரம் இருக்கார். கொஞ்சம் சுத்திக் காட்டிடுப்பா" என்று சீனியரிடமிருந்து மெசேஜ் வரும். பலரும் இதை டிரைவர் வேலை, கைடு வேலை என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். ஆனால் உங்கள் துறையின் முக்கியமான மனிதர் ஒருவர், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஏழு நாள் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறார். இந்த வாய்ப்பு எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காது.

அதை எப்படிப் பயன்படுத்துவது? எங்கே கூட்டிக்கொண்டு போவது? எந்த விஷயத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது? வரிசையாகப் பார்ப்போம்.

கிளம்பும் முன்: கட்டாயம் கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

இதையெல்லாம் விருந்தினர் விமானம் ஏறும் முன்பே மெயிலில் சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் லேட்.

1. சாட்டிலைட் போன் கூடாது. மலை, காடு என்று சுற்றும் விஞ்ஞானிகள் பலர் சாட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கையடக்கக் கருவியோ வைத்திருப்பார்கள். அவர்கள் நாட்டில் அது சாதாரண பாதுகாப்புக் கருவி. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். மலையேற்றத்துக்காக இப்படிப்பட்ட கருவியோடு வந்த வெளிநாட்டவர்கள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். "ப்ளீஸ், வீட்டிலேயே வெச்சிட்டு வாங்க" என்று தெளிவாக எழுதுங்கள். டிரோனுக்கும் இதே பதில்தான்.

2. வீட்டில் தங்க வைத்தால் பதிவு செய்யணும். வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு. 'சி ஃபார்ம்' என்று பலரும் சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டில் தங்க வைத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. "ஃப்ரெண்டுதானே சார்" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

3. விசா எதற்கு என்று பாருங்கள். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதில் வந்துவிட்டு ஆய்வு செய்ய முடியாது. கருத்தரங்கு, ஆய்வு என்று ஏதாவது இருந்தால் அழைக்கும் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

4. எதையும் எடுத்துப் போகக் கூடாது. இதுதான் ரொம்ப முக்கியம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஆய்வுக்காக இங்குள்ள உயிரியல் வளங்களைப் பெற வேண்டும் என்றால், தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் நம்ம சென்னை தரமணியில்தான் இருக்கிறது. விதை, இலை, மண்ணில் இருக்கும் நுண்ணுயிரி எல்லாமே இதில் அடக்கம். "ஒரு சின்ன ட்யூப்ல மண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று விருந்தினர் சாதாரணமாகத்தான் கேட்பார். "வேண்டாம்" என்று நீங்களும் சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும்.

எந்த மாதம் பெஸ்ட்?

ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் மொத்த பிளானும் காலி. ஏப்ரல், மே மாதங்களில் குளிர் நாட்டிலிருந்து வருபவரை அரியலூர் வெயிலில் நிறுத்தினால் அவர் மயங்கி விழுவார். ஜனவரியில் மழை முடிந்து ஏரிகளில் தண்ணீர் இருக்கும், பறவைகளும் இருக்கும்.

இன்னொரு விதி: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். நம் வழக்கமான டூர் மாதிரி "எட்டு கோயில், ரெண்டு அருவி" என்று பேக் பண்ணாதீர்கள். விஞ்ஞானிகள் ஒரு பாறை முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார்கள். நிற்க விடுங்கள். நல்ல பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

நாள் 1: பரங்கிமலை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு

முதல் நாள் ஜெட் லாக் இருக்கும். தூரம் போக வேண்டாம். மாலையில் வெயில் தாழ்ந்ததும் பரங்கிமலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்த மலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கு அந்தக் கோடுதான் அடிப்படை. பின்னாளில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இதே பணியின் தொடர்ச்சிதான். இன்றைக்கு அதே பெரும்பாக்கம் பக்கம் ஐடி வேலைக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்குள்ள பாறைக்கும் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவின் ஆரம்ப காலத்தோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், இந்தப் பகுதியிலிருந்து போன பாறை. 1890-களில் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறை வகையை ஆராய்ந்து, சார்னாக்கின் நினைவாக 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். அன்டார்டிகா வரை பல இடங்களில் கிடைக்கும் ஒரு பாறை வகைக்கு, பல்லாவரம் - பரங்கிமலைப் பாறையை வைத்துத்தான் பெயர் வந்திருக்கிறது. பல்லாவரத்தில் அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் விருந்தினர் புவியியல் தெரிந்தவர் என்றால், முதல் நாளே உங்களை வேற லெவலில் பார்ப்பார்.

நாள் 2: மாமல்லபுரம். சிற்பம் மட்டுமல்ல, பாம்பும் உண்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். கவுன்டரில் போய் யார் கட்டுவது என்று தடுமாறாமல், பயணச் செலவை யார் பார்த்துக்கொள்வது என்று துறையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் எல்லா கைடும் ஒரு கதை சொல்வார்கள். '1908-இல் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுக்க வைத்தார், பாறை அசையவில்லை' என்று. இணையத்தில் தேடினாலும் இதுதான் வரும். ஆனால் ஹேவ்லாக் கவர்னராக இருந்தது 1896 முதல் 1900 வரைதான்! 1908-இல் அவர் கவர்னரே இல்லை. கதையைச் சொல்லுங்கள், கூடவே இந்தத் தேதிச் சிக்கலையும் சொல்லுங்கள். ஆதாரம் கேட்டுப் பழகிய மனிதருக்கு அந்தக் கதையைவிட அதில் இருக்கும் ஓட்டைதான் அதிகம் பிடிக்கும்.

அடுத்து, வடநெம்மேலி. இங்குள்ள முதலைப் பண்ணையை 1976-இல் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேக்கர். அதே வளாகத்தில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இருளர்களின் வருமானமும் நின்றது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடும் முறைக்கு அவர்கள் மாறினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் இங்கே எடுக்கப்பட்டு, விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது.

இன்னொரு தகவல்: 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, புளோரிடா பல்கலைக்கழகம் உதவிக்கு அழைத்தது இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும்தான். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அதாவது, அங்கே 'வருகை தரு நிபுணர்' இவர்கள்தான்! விருந்தினரிடம் இருளர்களை அறிமுகம் செய்யும்போது 'பழங்குடி மக்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நிபுணர்கள் என்று சொல்லி அறிமுகம் செய்யுங்கள்.

நாள் 3: வேடந்தாங்கல். 200 வருஷத்துக்கு முன்பே ஊர் எடுத்த முடிவு

காலை 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எனவே முந்தைய இரவு மாமல்லபுரத்திலேயே தங்கிவிடுங்கள்.

சுமார் 30 ஹெக்டேர் ஏரி. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா என மரத்துக்கு மரம் கூடு. ஆனால் பறவைகளின் பட்டியலைவிடப் பெரிய விஷயம், இதைக் காப்பாற்றியது யார் என்பதுதான். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் இது நைட்ரஜன் சுழற்சி. அன்றைய மொழியில், நல்ல விளைச்சல்.

2022-இல் வேடந்தாங்கலுக்கு ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு நல்ல பைனாகுலர் ஏற்பாடு செய்யுங்கள். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதியம் கிளம்பினால் மாலையில் புதுச்சேரி போய்விடலாம்.

நாள் 4: திருவக்கரை, பிச்சாவரம். கல்லான மரமும் தண்ணீரில் நிற்கும் மரமும்

'ஒரு நாளைக்கு ஒரே இடம்' விதியை இந்த ஒரு நாள் மட்டும் கொஞ்சம் மீறலாம். புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்து, கல்லாகிப்போன மரங்கள் இங்கே கிடக்கின்றன. பார்த்தால் வெட்டிப்போட்ட மரம் மாதிரியே இருக்கும். தட்டினால்தான் கல் என்று தெரியும். 1781-இலேயே பியர் சொனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காலையில் ஒன்றரை மணி நேரம் போதும்.

பிறகு சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம். மாலை வெயிலில் படகு. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். அதுதான் குறுகலான கால்வாய்களுக்குள் போகும், சத்தமும் இருக்காது. படகு ஓட்டும் அண்ணனிடம் மரங்களின் பெயரைக் கேளுங்கள். சுரபுன்னையையும் தில்லையையும் அவர் காட்டுவார். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வரக் காரணமான மரம் இதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. "ஒரு இலை பறிச்சுப் பார்க்கலாமா?" என்று விருந்தினர் கையை நீட்டும்போது சட்டத்தைச் சொல்வதைவிட இதைச் சொன்னால் உடனே கை உள்ளே போய்விடும்!

2004 சுனாமி பேச்சு இங்கே கண்டிப்பாக வரும். கடலூர் மாவட்டக் கடற்கரையில் மரங்கள் அடர்த்தியாக இருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்தது என்று 2005-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. காப்பாற்றியது மரமா, அல்லது கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமா என்று ஆய்வாளர்களிடையே விவாதமும் நடந்தது. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். படகு கரைக்கு வரும்வரை பேச்சு ஓயாது.

நாள் 5: அரியலூர், பெரம்பலூர். ஒரு காலத்தில் இது கடல்!

இந்த வாரத்தின் ஹைலைட் இதுதான். சிதம்பரத்திலிருந்து கிளம்பினால் வழியில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே காலை ஒரு மணி நேரம். அதன்பின் அரியலூர், பெரம்பலூர் பக்கம்.

கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே வரை உள்ளே வந்திருந்தது. அப்போது வாழ்ந்த அம்மோனைட் போன்ற கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள், காரை கிராமத்தை ஒட்டிய செம்மண், வெளிர்மண் மேடுகளில் கிடைக்கின்றன. உலகப் புவியியலாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்து வைத்திருக்கும் இடம். பக்கத்து மாவட்டத்துக்காரருக்குத்தான் தெரியாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று உண்டு. அதை 1940-இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் இந்தத் தமிழர்தான்.

இங்கே கொஞ்சம் சீரியஸான விஷயமும் பேசியாக வேண்டும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பகுதியில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். நம் மண், நம் கல், ஆனால் அதைப் பற்றிப் பேசியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். உள்ளூர் ஆய்வாளர்களின் பங்கே இல்லாமல் வெளியிலிருந்து வந்து, எடுத்துக்கொண்டு, எழுதிக்கொண்டு போய்விடும் பழக்கத்தைப் பற்றி இன்று உலகம் முழுக்கவே விஞ்ஞானிகள் பேசுகிறார்கள்.

சரி, இங்கேயே இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்குமா? அதுவும் சிக்கலான கேள்விதான். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1987-இல் 'புருகத்காயோசாரஸ்' என்ற டைனோசர் விவரிக்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் ஈரத்தில் உதிர்ந்து போய்விட்டன. இன்று சரிபார்க்க எலும்பே இல்லை, பழைய படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம். புவியியல் பாரம்பரிய இடங்களையும் புதைபடிவங்களையும் பாதுகாக்க 2022-இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. இன்னொரு பக்கம், இதே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இந்தப் பகுதியில் சிமென்ட் ஆலைகளும் அவற்றில் வேலை செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன.

இதையெல்லாம் மறைக்காமல் விருந்தினரிடம் சொல்லுங்கள். காரையில் காலடியில் அம்மோனைட் துண்டு கிடந்தால் போட்டோ எடுக்கலாம். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடுத்தால் அளவு தெரியும். இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளலாம். கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள். உண்மையிலேயே புதிதாக ஏதாவது தென்பட்டால், இங்குள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்குத் தகவல் கொடுத்து, சேர்ந்து வேலை செய்யலாமே என்று அங்கேயே பேசலாம். அந்தக் கட்டுரையில் உங்கள் பெயரும் இருக்கும்.

குறிப்பு: நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட் கட்டாயம். காலை 10 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல் மட்டும் மேடுகளில் நடங்கள். இரவு திருச்சியில் தங்கலாம்.

நாள் 6, 7: கொடைக்கானல். சூரியனுக்கு ஒரு நூறாண்டு டைரி

திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். முந்தைய நாளே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது பஞ்சம். 19-ஆம் நூற்றாண்டின் கொடும் பஞ்சங்களுக்குப் பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கு அதுவும் ஒரு காரணம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகப் பாடப்புத்தகங்களில் 'எவர்ஷெட் விளைவு' என்று இருப்பது நம்ம கொடைக்கானலில் பிறந்ததுதான். 1904-இலிருந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே உண்டு. உலகில் வெகு சில இடங்களிடம்தான் இவ்வளவு நீண்ட தொடர் பதிவு இருக்கிறது.

ஏழாம் நாளைச் சோலைக்காட்டுக்கு ஒதுக்குங்கள். பைன், யூகலிப்டஸ், சீகை மரங்களைப் பார்த்து 'எவ்வளவு பசுமை!' என்று நாம் செல்ஃபி எடுப்போம். சூழலியல் தெரிந்த விருந்தினர் கொஞ்சம் அமைதியாகிவிடுவார். அந்த மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. இங்கே இயல்பாக இருந்தது புல்வெளியும் பள்ளத்தாக்குச் சோலையும். மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைக்கு விட்டது அந்த ஜோடிதான். வனத்துறை அனுமதி உள்ள பாதையில் மட்டும் நடங்கள். திரும்பும் விமானத்தை மதுரையிலிருந்து போட்டுவிட்டால் அலைச்சல் குறையும்.

விருந்தினர் வானியலாளரா? அப்படியானால் நான்காம் நாளிலிருந்தே பாதையை மாற்றி, திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. முன் அனுமதி அவசியம்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

இதுதான் பலருக்கும் தயக்கம். "அவர் எவ்ளோ பெரிய ஆளு, நான் என்னத்த பேச?"

சந்திரசேகர் தயாராகத்தான் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1928-இல், அர்னால்ட் சொம்மர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தபோது அவரைத் தங்கியிருந்த ஹோட்டலிலேயே போய்ப் பார்த்தார். 'நீ படித்து வைத்திருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது' என்று தெரிந்துகொண்டு திரும்பினார். துவண்டு போகாமல் புதியதைப் படித்தார், கட்டுரை எழுதினார். அதனால்தான் ஹைசன்பர்க் வந்தபோது அவரிடம் பேச விஷயம் இருந்தது.

இன்னொரு உதாரணமும் உண்டு. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் இருந்த தன் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தினார். மெட்ராஸ் வரும் விஞ்ஞானிகளை அங்கே விருந்துக்கு அழைப்பார். 1960-இல் நீல்ஸ் போர் வந்தபோது அந்த மாணவர்களோடு பேசிவிட்டு, அவர்களைப் பற்றி வெளியில் பாராட்டிச் சொன்னார். அது நேருவின் காது வரை போனது. 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் சென்னையில் தொடங்கியதற்கு அந்த விருந்தோம்பலும் ஒரு காரணம்.

எனவே, நீங்க பண்ண வேண்டியது இவ்வளவுதான்:

• விருந்தினரின் சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது படியுங்கள். முழுசா புரியணும்னு இல்ல. புரியாத இடத்தைக் குறித்து வையுங்கள். அதுவே முதல் கேள்வி.

• "உங்க அடுத்த பேப்பர் என்ன?" என்பதைவிட "இப்ப எந்த இடத்துல சிக்கி நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

• முதல் நாளே போஸ்ட்டாக் வாய்ப்பு, பரிந்துரைக் கடிதம் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வேலையைப் பற்றி மூன்றாவது, நான்காவது நாள் அவரே கேட்பார். ஐந்து நிமிடத்தில் சொல்லத் தயாராக இருங்கள்.

• தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "இங்க ஒருத்தருக்குத் தெரியும், கேப்போம்" என்று படகோட்டியிடமோ வனக் காவலரிடமோ கேட்டு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவர்களின் நேரத்துக்கு உரிய பணம் கொடுத்துவிடுங்கள்.

• தினமும் ஒரு மணி நேரமாவது அவரைத் தனியாக விடுங்கள். விருந்தோம்பல் என்ற பெயரில் மூச்சு முட்ட வைக்காதீர்கள். சாப்பாட்டிலும் அப்படித்தான். காரம், அலர்ஜி பற்றி முன்பே கேட்டுவிடுங்கள், "இன்னும் ஒரு தோசை" என்று வற்புறுத்தாதீர்கள்.

• டிரைவர் அண்ணனுக்கு பேட்டா, இரவு தங்கும் இடம் இரண்டையும் முதல் நாளே பேசி முடியுங்கள். ஏழு நாள் பயணத்தில் அவர் முகம் சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

• இரவு படுக்கும் முன் அன்றைய பேச்சை அரைப் பக்கம் எழுதி வையுங்கள். அவர் சொன்ன பெயர்கள், கட்டுரைகள், 'இதை ட்ரை பண்ணிப் பாரு' என்ற யோசனைகள் எல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

விருந்தினர் ஊர் திரும்பிய மூன்றாவது நாள், அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து அவருக்கு மெயில் அனுப்புங்கள். நன்றிக் கடிதமாக இல்லாமல், அரியலூரிலோ பிச்சாவரத்திலோ பாதியில் நின்றுபோன அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அது இருக்கட்டும். பதில் வர வாய்ப்பு அதிகம்.